பொண்ணு ரூம் லைட்டு

வெண்ணந்தூரைத் தாண்டியதும் சாலையின் இடது கைப் பக்கம் ஒரு கல்யாண மண்டபம் இருக்கிறது. முகப்பில் யானை பொம்மை கிடையாது, பிளாஸ்டர் தூண்களும் கிடையாது. நாலு சுவர், மேலே தகரக் கூரை, கூரை தெரியாமலிருக்க வெள்ளைப் பலகையில் உள்கூரை. சுற்றிலும் மரவள்ளிக் காடு. காற்று அடங்கினால் ஊருக்குள் ஓடுகிற தறிச் சத்தம் இங்கே வரைக்கும் கேட்கும். அழகு என்று சொல்ல அங்கே ஒன்றுமில்லை. ஆனால் ஆளில்லாத அறையில் விளக்கு எரிந்து அந்த மண்டபத்தில் யாரும் பார்த்திருக்க முடியாது.

அதற்குக் காரணம் ராமாயி. அஸ்திவாரம் போட்ட வருஷமே புருஷன் மருதாசலம் மாரடைப்பில் போய்விட்டார். மிச்சக் கட்டடத்தை அவள்தான் எழுப்பினாள். கொத்தனாரோடு சண்டை போட்டாள், தகரம் ஏற்றி வந்த லாரிக்காரனோடு சண்டை போட்டாள். கட்டி முடித்த பிறகு கல்யாணத்துக்கு வருகிறவர்களோடு சண்டை போட முடியவில்லை. கூட்டம் ஒரு அறைக்குள் போனால் எல்லா ஸ்விட்சையும் தட்டும், வெளியே வந்தால் ஒன்றையும் நினைத்துப் பார்க்காது. ராமாயி பின்னாலேயே போவாள். கூட்டுகிற பெண்களிடம், "ஏம்புள்ள, அந்த ரூமு வெளக்க அமத்து" என்பாள். அணை என்ற சொல் அந்தக் கட்டடத்துக்குள் கூடாது. அமத்தலாம், குளிர வைக்கலாம். வாய் தவறி அணை என்று சொன்னவளுக்கு அன்றைக்கு முழுக்க வசவு கிடைக்கும்.

கோயமுத்தூரில் வேலை பார்க்கிற மகள் கனிஷ்காதான் சென்சார் போடலாம் என்றாள். உள்கூரையில் உள்ளங்கை அளவுக்கு வெள்ளையாக ஒரு குமிழ். ஆள் உள்ளே வந்தால் உடம்புச் சூடு நகர்வதைப் பார்த்து விளக்கைப் போடும். ஐந்து நிமிஷம் ஒருவரும் அசையாவிட்டால் தானே விளக்கை அமர்த்திவிடும். ராமாயிக்கு முதலில் நம்பிக்கை இல்லை. மாட்டிய பிறகு சாப்பாட்டுக் கூடத்துக்குள் போவதும் வெளியே வந்து எட்டிப் பார்ப்பதுமாக ஒரு மத்தியானம் முழுக்க அதைச் சோதித்தாள். கடைசியில், "என்னையாட்டமே கருத்தா இருக்குது" என்றாள். அவள் ஒரு சாமானுக்குக் கொடுத்த அதிகபட்சப் பாராட்டு அதுதான்.

வைகாசியில் கனிஷ்காவின் கல்யாணமே அந்த மண்டபத்தில் வந்தது. மாப்பிள்ளை தமிழரசு, திருச்செங்கோடு. போர்வெல் ரிக் வைத்திருக்கிற குடும்பம். முகூர்த்தத்துக்கு முந்தின நாள் மத்தியானம் மாப்பிள்ளை வீட்டார் வேனில் வந்து இறங்கினார்கள். சமையல்கட்டில் ஒப்பிட்டுப் போளிக்குப் பருப்பு வெந்துகொண்டிருந்தது. மாப்பிள்ளையின் அம்மா ராஜம்மாள் கூறைச்சேலைத் தட்டோடு நேராகப் பொண்ணு ரூமுக்குப் போனாள்.

பொண்ணு ரூமுக்கு ஜன்னல் கிடையாது. ஏசி போட்டதால் அடைத்துக் கட்டியது. கனிஷ்கா நடுநாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். ராஜம்மாள் எதிரில் உட்கார்ந்து, வந்த வழி, வெயில், வேன் டிரைவரின் குணம் எல்லாம் பேசி முடித்துவிட்டுப் பூச்சரத்தைக் கையில் எடுத்தாள். கனிஷ்கா தலையைக் குனிந்தாள்.

விளக்கு போய்விட்டது.

கண் முன்னால் கை தெரியாத இருட்டு. தட்டிலிருந்த எலுமிச்சம்பழம் உருண்டு ஓடுகிற சத்தம் கேட்டது. கூட வந்திருந்த பெண்களில் யாரோ வீறிட்டார்கள். வெளியிலிருந்து ஒருத்தி கதவைத் திறந்துகொண்டு ஓடி வந்தாள். உடனே விளக்கு எரிந்தது, ஒன்றுமே நடக்காத மாதிரி.

ராஜம்மாள் பூவை மறுபடி தட்டிலேயே வைத்துவிட்டுக் கூடத்துக்கு வந்து உட்கார்ந்தாள்.

"அணைஞ்சு போச்சுங்க" என்றாள். அந்த மண்டபத்தில் யாரும் சொல்லாத சொல்லைக் கூடத்தின் நடுவில் உட்கார்ந்து சொன்னாள்.

ராமாயியின் தம்பி தண்டாயுதபாணிதான் ஓடியாடிக்கொண்டிருந்தவன். பதறிப்போய்ப் பொண்ணு ரூமுக்குள் போனான். விளக்கு எரிந்தது. வெளியே வந்து, விளக்கு அமர்ந்ததும் மறுபடி போனான். எரிந்தது.

"பாருங்கக்கா, நல்லாத்தான எரியுது? நானும் எத்தன தடவ போய்ட்டு வாரேன், ஒரு தடவ கூட ஏமாத்தலீங்களே."

அவன் நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டு செய்தான். ஒவ்வொரு தடவை எரிந்தபோதும் விஷயம் மோசமாகிக்கொண்டே போனது அவனுக்குப் புரியவில்லை. ராஜம்மாளுக்குப் புரிந்தது.

"கெட்டுப் போன சாமானா இருந்தா எல்லாத்துக்கும் கெட்டுத்தானுங்க கெடக்கோணும்? நீங்க போனா எரியுது, சமையக்காரன் போனா எரியுது. என்ற மருமவ பூ வெக்கத் தல குனிஞ்சா மட்டும் அணையுதுன்னா, நான் என்னன்னு எடுத்துக்கறது?"

"அதப் புடுங்கிப் போட்டுட்டு நேரா ஸ்விட்ச் குடுத்தர்லாங்க்கா."

"புடுங்கிப் போட்டா ஆச்சுங்களா? ஏன்னு தெரிய வேண்டாமா? பொழுது சாயறதுக்குள்ள ஏன்னு யாராச்சும் எனக்குச் சொல்லோணும். இல்லீன்னா வந்த வேன்லயே நாங்க கெளம்பறமுங்க. தப்பா எடுத்துக்காதீங்க. ஒரே பையன்."

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் சமாதானப்படுத்தியிருக்கலாம். மாப்பிள்ளை வீட்டாருக்குக் காபி வந்தது. ராஜம்மாள் டம்ளரைத் தொடவில்லை. அவள் தொடாததால் கூட வந்தவர்களும் தொடவில்லை. வரிசையாக வைத்த டம்ளர்களில் ஆடை படிந்தது. கல்யாணம் அந்த டம்ளர்களில் நின்றுகொண்டிருந்தது.

இவ்வளவு நடந்தும் ராமாயி கூடத்துக்கு வரவில்லை. காலையிலிருந்தே அவள் சாமான் அறையில் அரிசி அளப்பதும் தேங்காய் எண்ணுவதுமாக இருந்தாள். தாலி இழந்தவள், மங்கல காரியம் நடக்கிற இடத்தில் முன்னால் நிற்கக்கூடாது என்று யாரும் அவளிடம் சொல்லவில்லை. சொல்லாமலேயே அவள் ஒதுங்கிக்கொண்டாள். அங்கிருந்தபடியே சூரமங்கலத்துக்குப் போன் போட்டாள்.

"சைமா, கண்ணு, எங்கிருந்தாலும் வா சாமி. பொண்ணு ரூம்ல வெளக்கு குளுந்து போச்சு."

ஷைமாவும் அஃப்தாபும் மொபெட்டில் வந்து இறங்கியபோது வெயில் சற்றுத் தாழ்ந்திருந்தது. சூரமங்கலத்தில் அப்துல் சலாம் எலக்ட்ரிகல்ஸ் என்றால் தெரியும். அவருடைய மகன் அஃப்தாப், மருமகள் ஷைமா. இரண்டு பேரும் ஐடிஐயில் ஒரே வகுப்பு. இந்த மண்டபத்துக்குச் சென்சார் மாட்டியது இவர்கள்தான். அதற்கப்புறம் போன வருஷம் ஒரு லாட்ஜ் வேலையில் அஃப்தாப் ஏணியிலிருந்து விழுந்து இடுப்பெலும்பு விட்டுப்போனது. எலும்பு கூடிவிட்டது, பயம் கூடவில்லை. அன்றிலிருந்து தரையில் அவன், ஏணியில் அவள். இதைப் பற்றி வெளியே ஆயிரம் பேச்சு. ஷைமா அந்தப் பேச்சையெல்லாம் காதில் போட்டுக்கொள்ளாதவள் இல்லை. போட்டுக்கொண்டு திருப்பிக் கொடுப்பவள்.

"பொம்பளய ஏணியில ஏத்தி வேல வாங்கறீங்க" என்று தண்டாயுதபாணி வாசலிலேயே ஆரம்பித்தான்.

"நீங்க ஏறுங்கண்ணா, நான் கீழ நின்னு புடிக்கறேன்" என்றாள் ஷைமா. துப்பட்டாவை இறுக்கி முடிந்துகொண்டு உள்ளே போனாள். "லைட்டு எப்ப ஆஃப் ஆச்சு? யாரு யாரு இருந்தீங்க? எப்படி இருந்தீங்க?"

தண்டாயுதபாணி நடந்து காட்டினான். விளக்கு எரிந்தது.

"அண்ணா, நீங்க காலையில இருந்து நடந்துக்கிட்டே இருக்கீங்க. பொண்ணு நடந்துச்சா, உக்காந்துச்சா?"

"உக்காந்துதான இருந்துது."

"அப்ப யாராவது உக்காந்து பாத்தீங்களா?"

யாரும் பார்க்கவில்லை. கல்யாண வீட்டில் உட்கார யாருக்கு நேரம்? ஷைமா மணப்பெண் நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். ராஜம்மாள் வாசல்படிக்கு வெளியே ஒரு நாற்காலி போடச் சொல்லி உட்கார்ந்து பார்த்தாள். கனிஷ்கா அவளுக்குப் பின்னால் நின்றாள். ஷைமா சும்மா உட்காரவில்லை. தலையைக் கோதினாள், கையை விரித்தாள், மல்லிகை வாசனை தூக்குகிறது என்றாள், இந்த ஏசிக்குத் தண்ணீர்க் குழாயை எந்தப் புண்ணியவான் இப்படி மடக்கியது என்று புருஷனைக் கேட்டாள்.

"நான்தான்" என்றான் அஃப்தாப்.

"தெரிஞ்சுதான் கேட்டேன்."

விளக்கு போனது. இருட்டுக்குள்ளிருந்து அவள் குரல் வந்தது. "ரெண்டு கையையும் ஆட்டறேன். எழுந்து நிக்கறேன். குதிக்கறேன். வருதா? வரல. இப்ப வாசப்பக்கம் நடக்கறேன்." இரண்டு எட்டு வைத்ததும் விளக்கு வந்தது. ஷைமாவுக்கு முகமெல்லாம் சந்தோஷம். பழுது கையில் சிக்கிய சந்தோஷம்.

"நடுவுல குருடும்மா. வாசல்ல வர்றவங்களப் பாக்குது, உள்ள உக்காந்திருக்கறவங்களப் பாக்கல. உங்க எல்லாரையும் வர வரப் பாத்துருச்சு. அப்புறம் உள்ள இருந்த பொண்ணு இதுக்குத் தெரியவே இல்ல. ஆளில்லன்னு நெனச்சு ஆஃப் பண்ணிருச்சு."

"ஏன் பாக்குல?" என்றாள் ராஜம்மாள்.

"அதத்தான் இப்பப் பாக்கப்போறேன்."

முதல் சந்தேகம் பூ மேல். அலங்காரக்காரர்கள் உள்கூரையிலிருந்து மல்லிகைச் சரமாகத் தொங்கவிட்டிருந்தார்கள். சென்சார் இருக்கிற இடமே பூவுக்குள் முங்கிக் கிடந்தது. கீழேயிருந்தே நடுச் சரங்களைக் கம்பால் ஒதுக்கினார்கள். மறுபடி உட்கார்ந்தாள். மறுபடி பேச்சு. மறுபடி இருட்டு. வாசலில் ராஜம்மாள் பெருமூச்சு விட்டாள்.

"ஏணி" என்றாள் ஷைமா.

அலங்காரக்காரர்களின் மடக்கு ஏணியை அஃப்தாப் நாற்காலிக்கு மேலாக விரித்தான். அப்போது சாமான் அறையிலிருந்து ராமாயி வந்தாள். முந்தானையில் அரிசிமாவு அப்பியிருந்தது. நேராக உள்ளே போய் ஏணியின் இன்னொரு காலைப் பிடித்துக்கொண்டாள். ஷைமா பிஸ்மி சொல்லி ஏறினாள். பூச்சரங்களை இரண்டு பக்கமும் விலக்கித் தலையை உள்ளே விட்டாள்.

சென்சார் குமிழின் மேல் சந்தனம். மூன்று விரலால் இழுத்து அப்பியது. காய்ந்து பாளம் பாளமாக வெடித்திருந்தது. நடுவில் ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்குக் குங்குமம். வாசல் பக்கம் மட்டும் விளிம்பில் பிறைபோலக் கொஞ்சம் வெள்ளை தப்பியிருந்தது. அந்தப் பிறை வழியாகத்தான் அது காலையிலிருந்து தண்டாயுதபாணியைப் பார்த்துக்கொண்டிருந்தது.

ஷைமா குனிந்து கீழே பார்த்தாள். ஏணிக்காலைப் பிடித்திருந்த ராமாயி மேலே பார்த்துக்கொண்டிருந்தாள். குழம்பிப்போனவள் பார்வை இல்லை அது. வேண்டாம் என்கிற பார்வை. மூன்று விரல் யாருடையது என்று ஷைமாவுக்கு அதற்குமேல் கேட்கவேண்டியிருக்கவில்லை.

"என்ன தெரியுது?" என்று வாசலிலிருந்து ராஜம்மாள் கேட்டாள்.

"வயரு லூஸுங்க" என்றாள் ஷைமா. "எங்க வேலைதான். சரியா முறுக்கல."

"நான் முறுக்குன வயரு லூஸா?" அஃப்தாபுக்கு ரோஷம் வந்துவிட்டது. "ஷைமா, பல்லால கடிச்சு இழுத்தாலும் அது வராது..."

"நீங்க சும்மா இருங்க."

"இல்ல, நல்லாப் பாரு..."

"சும்மா இருங்கன்னேன்."

தண்டாயுதபாணிக்கு ஆள் கிடைத்துவிட்டது. "கேட்டீங்களாக்கா? வேலக்காரங்க பண்ணுன தப்பு. ஒரு நல்ல காரியத்தக் கெடுத்துப்போட்டு வந்து நிக்கறாங்க பாருங்க." ஏணிப் பக்கம் திரும்பினான். "இனி இந்தப் பக்கம் உங்களக் கூப்புட்டா என்னன்னு கேளு."

ஷைமா ஏணி மேலேயே நின்றாள். பதிலுக்குப் பதில் கொடுக்கிறவள், ஒரு சொல் பேசவில்லை. சேலத்திலிருந்து ராசிபுரம் வரைக்கும் மண்டபக்காரர்கள் ஒருவருக்கொருவர் தெரிந்தவர்கள். இந்தச் சொல் நாளைக்கே எல்லா இடத்துக்கும் போகும் என்பது அவளுக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னாள்.

ஆனால் ராஜம்மாளை ஏமாற்றுவது லேசு இல்லை.

"இந்தா அம்மணி" என்றாள் ஷைமாவைப் பார்த்து. "எங்கூட்டுல ரிக்கு ரெண்டு ஓடுது. ஊட்டுக்காரரு வருசத்துல பாதி நாளு ஆந்திராவுல. இங்க மிசினு நின்னா மெக்கானிக்கு பொய் சொல்றானா நெசஞ் சொல்றானான்னு நாந்தான் பாக்கோணும். லூசு ஒயரு எப்புடி எரியும் தெரியுமா? துடிச்சுத் துடிச்சு எரியும். இது துடிக்கவே இல்லியே. நீதான இப்ப நடுவுல குருடுன்னு சொன்ன? ஒயருல நடு ஏது, ஓரம் ஏது?"

ஷைமா மறுபடி குமிழ்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"ஒயரு இல்லீங் சம்மந்தி" என்றாள் ராமாயி. ஏணிக்காலை விடவில்லை. "அந்தப் புள்ள எனக்கோசரம் சொல்லுது. நாந்தானுங். பந்தக்கால் நட்ட அன்னிக்கு ஊடு பூரா மிசினுக்குப் பொட்டு வெச்சனுங். மோட்டாருக்கு, ஜெனரேட்டருக்கு, கிரைண்டருக்கு. இந்த ரூமுக்கு மட்டும் வெக்காம உட மனசு வல்லை. மத்தியானம் ஆளில்லாதப்ப ஏணி போட்டு ஏறி, இதுக்கும் வெச்சுப்போட்டேன். கொஞ்சம் சாஸ்தியாவே வெச்சுப்போட்டேன். நாளைக்கு மேடைக்கு நான் வரப்போறதில்ல. இங்கயாச்சும் இருக்கட்டுமேன்னு."

"அக்கா!" தண்டாயுதபாணி தலையில் அடித்துக்கொண்டான். "உனக்கென்ன புத்தி கித்தி... நீ போயி... இதெல்லாம் நீ..." முடிக்க முடியவில்லை. எல்லாருக்கும் முடிவு தெரிந்ததால் முடிக்கவும் தேவையில்லை.

கனிஷ்கா ராஜம்மாளைத் தாண்டிக்கொண்டு உள்ளே வந்தாள். பட்டுச்சேலையோடு அம்மா பக்கத்தில் போய் நின்றாள். "மாமா, மோட்டாருக்கும் அம்மாதான வெச்சாங்க? தண்ணி வரலீங்களா? ஜெனரேட்டர் ஓடலீங்களா? கிரைண்டர்ல மாவு ஆட்டித்தான காலையில எட்டு இட்லி சாப்புட்டீங்க?"

"இட்லிய எதுக்கு இப்ப இழுக்கற?"

"அதெல்லாம் ஓடுது, இது மட்டும் ஏன் ஓடலன்னு கேக்கறேன்."

ஏணி மேலிருந்து ஷைமா சொன்னாள். "நான் சொல்றேன். மோட்டாருக்கு நெத்தியில வெச்சாங்க. கிரைண்டருக்கு நெத்தியில வெச்சாங்க. இதுக்குக் கண்ணுல வெச்சுட்டாங்க." விரலால் குமிழைத் தொட்டுக் காட்டினாள். "இது பூராவும் கண்ணும்மா. இதுக்கு நெத்தி இங்க, இந்தச் சுத்து வளையம். கண்ணு நெறையச் சந்தனத்த அப்புனா யாருக்குத்தான் ஆளு தெரியும்?"

முதலில் அஃப்தாப் சிரித்துவிட்டான். சிரிக்கக்கூடாத நேரம் என்று தெரிந்து குனிந்துகொண்டான். ராஜம்மாளின் வாய் ஒரு பக்கம் இழுத்தது. அடக்கிப் பார்த்தாள். முடியவில்லை.

"எங்கூட்டுக்காரரும் இதே கூத்துப் பண்ணுனாரு" என்றாள். "மொத ரிக்கு எடுத்த அன்னிக்கு, காத்தழுத்தம் பாக்கற மீட்டரு இருக்குதல்ல, அதும் கண்ணாடி மேலயே அப்பிப்போட்டாரு. முள்ளு எங்க நிக்குதுன்னே டிரைவருக்குத் தெரியுல. அவன் கேக்கவும் பயந்துக்கிட்டுக் குத்துமதிப்பா ஓட்டி, ஓஸ் வெடிச்சு, அத்தன பேரு மேலயும் சேறு. பொட்டு வெச்ச இவரு மேலதான் நொம்ப." சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அப்புறம் சிரிப்பை நிறுத்தினாள். "நெசமா அதுதானா? சத்தியமா?"

"நீங்களே உக்காந்து பாருங்க" என்றாள் ஷைமா. "ஆனா முன்னாடி ஒண்ணு கேக்கணும். இதத் தொடைச்சாத்தான் கண்ணு தெரியும். நல்ல நாளும் அதுவுமா குங்குமத்த நான் அழிக்கலாமா? நீங்க சொன்னாத்தான் கை வெப்பேன்."

எல்லாரும் ராஜம்மாளைப் பார்த்தார்கள். அவள் நாற்காலியிலிருந்து எழுந்து வாசல்படி தாண்டி உள்ளே வந்தாள். உருண்டு போன எலுமிச்சம்பழம் ஏசிக்கு அடியில் கிடந்தது. குனிந்து எடுத்துத் தட்டில் வைத்தாள்.

"கண்ணுல உழுந்தத் தொடைக்கறதுக்கு என்ன தப்பு? தொடை. ஆனா அழிச்சா மறுக்கா வெக்கோணும்."

ஷைமா ஈரத்துணியால் மெல்ல மெல்லத் துடைத்தாள். சந்தனம் கரைந்து மணிக்கட்டு வழியாக ஓடி முழங்கையில் சொட்டியது. குமிழ் வெள்ளையாக வெளியே வந்தது. அவள் இறங்கியதும் தண்டாயுதபாணி குங்குமச் சிமிழைக் கொண்டுவந்து ராஜம்மாளிடம் நீட்டினான். நெற்றியிலும் வகிட்டிலும் குங்குமம் வைத்த கட்டுக்கழுத்தி, அவளை விட்டால் வேறு யார் என்று அவன் நினைத்தான்.

ராஜம்மாள் சிமிழை வாங்கவில்லை. ஏணியை ஒரு பார்வை பார்த்தாள்.

"எனக்கு முட்டி ஒத்துக்காது. வெச்ச கையே வெக்கட்டும்."

ராமாயி நகரவில்லை.

"ஏறுங் சம்மந்தி. அன்னிக்கு ஒத்தையில ஏறத் தெரிஞ்சுதில்ல? இன்னிக்குப் புடிக்க ஆள் இருக்குது."

ராமாயி ஏறினாள். ஒரு காலை அஃப்தாபும் ஒரு காலை ஷைமாவும் பிடித்தார்கள். பூவுக்குள் தலை மறைந்தது. "நெத்திம்மா, நெத்தி. கண்ணு இல்ல" என்று ஷைமா கீழேயிருந்து கத்தினாள். "தெரியுது போ" என்று பூவுக்குள்ளிருந்து பதில் வந்தது. வளையத்தின் ஓரத்தில் அரிசி அளவுக்குச் சந்தனம், அதன் மேல் கடுகளவு குங்குமம். அவள் கையை எடுத்தபோது குமிழுக்குள் சிவப்புப் புள்ளி ஒன்று மினுக்கியது. ஆளைப் பார்த்துவிட்டால் அது அப்படித்தான் மினுக்கும். ராமாயி கையை அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் கொண்டுபோய்ப் பார்த்தாள். ஒவ்வொரு தடவையும் மினுக்கியது. இறங்கச் சொல்லி எல்லாரும் கூப்பிட்ட பிறகுதான் இறங்கினாள்.

ஏணியை மடக்கினார்கள். கனிஷ்கா நாற்காலியில் உட்கார்ந்தாள். ராஜம்மாள் எதிரில் உட்கார்ந்தாள். வெளியே போகப் பார்த்த ராமாயியின் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்தாள். கதவைச் சாத்தினார்கள். ஐந்து நிமிஷம் என்பது சும்மா உட்கார்ந்திருப்பவர்களுக்கு எவ்வளவு பெரிய நேரம் என்று அன்றைக்கு அந்த அறையில் இருந்த எல்லாருக்கும் தெரிந்தது.

"சிலையாட்டம் உக்காந்தா இதுக்குத் தெரியாது" என்றாள் சுவரில் சாய்ந்து நின்ற ஷைமா. "ஆனா மனுசங்க அப்படி உக்கார மாட்டாங்க. மூஞ்சியில ஈ உக்காந்தா ஓட்டுவாங்கல்ல, அது போதும். முடிஞ்சதும் டைமரையும் அர மணி நேரமா ஏத்தி வெச்சுட்டுப் போறேன்."

"ஒயரு லூசுன்னு சொன்ன பாரு" என்றாள் ராஜம்மாள் திடீரென்று. "பொய் சொல்லத் தெரியாதவ எதுக்குச் சொல்லோணும்? அடுத்த மாசம் எங்கூட்டு மாடி வேல இருக்குது. ரெண்டு பேரும் வந்து பாருங்க. ஒயரு அவரு முறுக்கட்டும்."

அஃப்தாபுக்கு உச்சி குளிர்ந்தது.

விளக்கு எரிந்துகொண்டிருந்தது. எதிர்பார்த்த நேரம் வந்தது, போனது. ராமாயி மேலே பார்த்தாள், கதவைப் பார்த்தாள், மறுபடி மேலே பார்த்தாள். ராஜம்மாள் கதவுப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தாள்.

"ஏனுங் தண்டாயுதபாணி, அந்த ஆறிப்போன காப்பிய எடுத்துக் கொட்டிப்போட்டு, எல்லாத்துக்கும் புதுசா சூடாக் கொண்டாரச் சொல்லுங்க."

பிறகு பூச்சரத்தை எடுத்தாள். கனிஷ்கா தலை குனிந்தாள். ராஜம்மாள் பூவைக் கொண்டைக்குப் பக்கத்தில் கொண்டுபோய், ஒரு கணம் நிறுத்தி, உள்கூரையை நிமிர்ந்து பார்த்தாள். மருமகளின் காதுக்குக் கிட்டே குனிந்து மெல்லச் சொன்னாள்.

"எதுக்கும் கைய மட்டும் ஆட்டிக்கிட்டே இரு சாமி."